பட்டறைக்கு எந்த வாட்ச்?

என் அக்கா மகன் ஐடிஐ-யில் டர்னர் பயிற்சியை முடித்துவிட்டு, கோவை கணபதியில் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தான், இரண்டாவது சம்பளத்தில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பிக்குக் கட்டணம் கட்டினான், மூன்றாவது சம்பளம் வந்த அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்து, "மாமா, பட்டறைக்கும் போட்டுக்கோணும், நாலு இடத்துக்குப் போறப்பவும் போட்டுக்கோணும். ஒரே வாட்சா இருக்கோணுங்க. எது வாங்கட்டுமுங்க?" என்று கேட்டான்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக லேத், மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டிங் என்று மாறிமாறி நின்றவன் நான். இந்தக் கேள்விக்கு ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் அப்போது கையில் கட்டியிருந்த, யாரோ பரிசாகக் கொடுத்த கனமான ஸ்டீல் செயின் வாட்சைக் காட்டி, "அதை ஒரே கையால் கழற்று, பார்க்கலாம்" என்றேன். பூட்டின் மேல் மடிப்பை நகத்தால் நெம்பி, அடுத்த மடிப்பைத் திறந்து, செயினைக் கைவிரல்களின் வழியாக உருவி எடுப்பதற்குள் ஏழெட்டு நொடிகள் ஆகிவிட்டன. கை சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தபோதே இத்தனை நேரம் என்றால், வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் சோப்பு ஆயிலில் நனைந்து வழுக்கும் கையோடு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசிக்கச் சொன்னேன். நேரம் ஆகும் என்பதைவிட, அத்தனை சிரமம் இருந்தால் அவன் அதைக் கழற்றவே மாட்டான் என்பதுதான் என் கவலை.

ஓடும் லேத்தின் முன் நிற்பவன் மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. வாட்ச், காப்பு, சாமிக்கயிறு, மோதிரம், முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத நுனி, கையுறை ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதைப் பயிற்சி நிலையத்தில் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஏன் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. லேத்தில் வேலைப்பொருளைக் கவ்விக்கொண்டு சுழலும் எட்டு அங்குல சக்கின் விட்டம் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர், சுற்றளவு 628 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 500 சுற்று என்னும் சாதாரண வேகத்தில் ஓடும்போது அதன் விளிம்பு ஒரு நொடியில் ஐந்து மீட்டருக்கும் மேல் கடக்கிறது. கண் இமைக்கும் நேரத்தை ஐந்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சக்கின் ஜா, அதாவது அதன் தாடை, ஒன்றரைச் சுற்றுக்கும் மேல் சுற்றி, ஒரு மீட்டர் நீளத்துக்குத் தன்னிடம் சிக்கியதை இழுத்திருக்கும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நம் கையின் நீளமே அரை மீட்டர்தான். சிக்கிய பிறகு கையை இழுத்துக்கொள்ளலாம் என்றோ, ஸ்விட்சை அணைத்துவிடலாம் என்றோ நினைப்பதற்கு அங்கே நேரமே இல்லை.

எப்படிச் சிக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடைந்த ஷாஃப்ட்டின் விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்க, லேத்தை ஓடவிட்டு அரம் போடுவது வழக்கம். வலது கைப் பழக்கம் உள்ளவன் இயல்பாக அரத்தின் பிடியை வலது கையிலும் நுனியை இடது கையிலும் பிடிப்பான். அப்படிப் பிடித்தால், சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் அவனுக்கு இடப்பக்கம் இருப்பதால், அவனுடைய இடது கை ஓடும் சக்கின் மேலாக நீண்டு கிடக்கும். நம்மில் பெரும்பாலோர் வாட்ச் கட்டுவது அதே இடது கையில்தான். இதனால்தான் நல்ல மேஸ்திரிகள் லேத்தில் அரம் போடும்போது பிடியை இடது கைக்கு மாற்றிப் பழகச் சொல்வார்கள்; அப்போது நுனியைப் பிடிக்கும் வலது கை எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கமாகப் போய்விடும், சக்கின் மேல் கை குறுக்காகப் போகாது. எமரித் தாள் பிடிப்பதற்கும் இதே முறைதான். ஓடும் இயந்திரத்தின் அருகே சென்று எண்ணெய் விடுபவரும் சரிபார்ப்பவரும் உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 22-ஆவது பிரிவில் எழுதிவைத்ததன் பின்னால் இருப்பதும் இந்தக் கணக்குதான்.

ஆகவே பட்டறை வாட்சை நான் மதிப்பிடும் முதல் அளவுகோல், அது ஒரு நாளில் இருபது முறை கழற்றி இருபது முறை கட்டுவதற்கு அலுப்பில்லாமல் இருக்கிறதா என்பது. கண்ணாடி, தண்ணீர், காந்தம் எல்லாம் அதன் பிறகு வருபவை.

நான் தொழில் பழகிய பட்டறையில் மேஸ்திரியின் லேத்துக்குப் பக்கத்துத் தூணில், ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு சாண் கீழே, ஒரு ஆணி உண்டு. காலையில் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, தம்முடைய எச்எம்டி ஜனதாவைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டுவதுதான். ரப்பரைப் போல இழுபடும் ஸ்ப்ரிங் செயின் போட்டிருப்பார். விரல்களைக் குவித்து ஒரு இழுப்பு இழுத்தால் வாட்ச் கையை விட்டு வந்துவிடும். அந்தச் செயின் கையின் முடியைப் பிடுங்கும், கண்ணிகளுக்கு இடையே இரும்புத் தூள் புகுந்துவிடும் என்பதெல்லாம் உண்மையே. இருந்தாலும் அந்தத் தலைமுறை மெஷினிஸ்டுகள் பலர் அதை விரும்பியதற்குக் காரணம் இந்த ஒற்றை இழுப்புதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

எச்எம்டி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்சுத் தொழிற்சாலை, இந்த நாட்டின் உழைக்கும் மனிதர்களின் கையில் முதன்முதலாக நேரத்தைக் கட்டியது. மேஸ்திரியின் ஜனதா சாவி கொடுக்கும் வாட்ச், 17 கற்கள், டயலில் பாராஷாக் என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை தலைமுடியின் பருமனை ஒட்டியது. வாட்ச் கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான். அந்த முனை அமர்ந்திருக்கும் கல்லை ஒரு மெல்லிய ஸ்ப்ரிங்கின் கீழ் வைத்து, அதிர்ச்சி வரும்போது கல் சற்றே நகர்ந்து கொடுத்துவிட்டு மீண்டும் இடத்துக்கு வரும்படி செய்வதே பாராஷாக் என்னும் ஏற்பாடு. 2016-இல் அரசு அந்த நிறுவனத்தை மூட முடிவெடுத்த செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

ஆனால் அன்பு வேறு, பரிந்துரை வேறு. சாவி கொடுக்கும் வாட்சையும் ஆட்டோமேட்டிக் வாட்சையும் பட்டறைக்கு வாங்கு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதிர்ச்சி தாங்கும் என்பதற்கான உலகத் தர அளவான ஐஎஸ்ஓ 1413, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடினமான மரத் தரையில் விழுவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எப்போதோ ஒருமுறை கை தவறி விழுவது வேறு. சுத்தியலால் நாள் முழுக்க அடிப்பதும், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் ஆங்கிள் கிரைண்டரை மணிக்கணக்கில் பிடித்திருப்பதும் வேறு. அந்த நடுக்கம் சின்னஞ்சிறு திருகுகளை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும்.

அதைவிடப் பெரிய பகை காந்தம். இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். சர்ஃபேஸ் கிரைண்டரில் நின்ற காலத்தில் ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் வைத்திருந்தேன். காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் மேக்னடிக் சக்கின் மேல் வேலைப்பொருளை வைப்பதும், நெம்புகோலைத் திருப்பிக் காந்தத்தை ஏற்றுவதும், துடைப்பதும், எடுப்பதுமாக ஒரு நாளில் எத்தனை முறை என் இடது கை அந்தச் சக்கின் மேல் தடவிச் சென்றிருக்கும் என்று கணக்கில்லை. ஒரு வாரத்தில் வாட்ச் நாளொன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் முந்தி ஓடத் தொடங்கியது. உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து, டவுன்ஹால் பக்கம் கடை வைத்திருந்த வயதான வாட்சு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் திறக்கக்கூட இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய திசைகாட்டியை எடுத்து வாட்சின் அருகே வைத்தார், முள் துள்ளியது. "எங்கீங்க வேலை பண்றீங்க? கிரைண்டிங்கா?" என்று மட்டும் கேட்டார். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் சுருள் வில் முழுவதும் காந்தமேறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால், வில்லின் நீளம் குறைந்தது போலாகி வாட்ச் வேகமாக ஓடியிருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல மேலே தூக்கினார். முடிந்தது. காசு வாங்க மறுத்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும் வரை இந்த வாட்சைக் கட்டாதீர்கள் என்றார்.

காந்தத்தைத் தாங்கும் வாட்ச் என்று சொல்லிக்கொள்ள ஐஎஸ்ஓ 764 கேட்கும் அளவு மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது 60 காஸ் அளவிலான புலம். ஒரு மேக்னடிக் சக்கின் முகத்தில் இருப்பது அதைப்போல் பல மடங்கு. காந்த வி-பிளாக், டயல் கேஜ் நிறுத்தும் காந்தத் தாங்கி, திருகு விழுந்தால் பொறுக்கும் காந்தக் குச்சி, மோட்டார் ரீவைண்டிங் கடையில் கழற்றிவைத்த காந்த ரோட்டார் என்று பட்டறையில் காந்தம் இல்லாத மூலையே இல்லை. செல் போட்ட முள் வாட்சுக்கும் இதிலிருந்து முழு விடுதலை கிடையாது. குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைச் சரியாகக் கணக்கிட்டாலும், முள்ளைத் தள்ளுவது ஒரு பொடி மோட்டார். அதன் ரோட்டார் ஒரு பொடிக் காந்தம். பெரிய காந்தத்தின் அருகே போனால் அது நின்றுவிடும், விலகியதும் மீண்டும் ஓடும். வாட்ச் கெடவில்லை, ஆனால் பத்து நிமிடம் பின்தங்கி நிற்கும், அதை நாம் கவனித்திருக்கவும் மாட்டோம். எண் காட்டும் டிஜிட்டல் வாட்சில் மோட்டாரும் இல்லை, முள்ளும் இல்லை. சர்ஃபேஸ் கிரைண்டரிலும் மோட்டார் ரீவைண்டிங்கிலும் இருப்பவர்களுக்கு டிஜிட்டல்தான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

முள் வாட்சுக்கு உள்ள ஒரு நன்மையையும் மறைக்கக் கூடாது. அடுப்பில் வைத்த உருப்படியை எடுக்க இன்னும் எவ்வளவு நேரம், கலந்து வைத்த அரால்டைட் பசை இறுகுவதற்குள் எவ்வளவு பூசி முடிக்கலாம் என்பதையெல்லாம் முள்ளின் கோணத்தைப் பார்த்தே கண் அறிந்துகொள்கிறது. எண்ணைப் படித்துக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஃபிட்டிங் மேசையிலேயே நாளைக் கழிப்பவர்களுக்கு, பெரிய எண்களும் தனித்துத் தெரியும் நொடிமுள்ளும் உள்ள முள் வாட்ச் நல்ல துணை. அப்படி ஒன்று வாங்குவதாக இருந்தால் நம் ஓசூரிலேயே செய்தது கிடைக்கிறது. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் குவார்ட்ஸ் வாட்சையே முதன்மையாக வைத்துச் சந்தைக்கு வந்தது. உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் பக்கத்து ஊரிலேயே கிடைப்பது நீடித்து உழைப்பதில் பாதி.

தண்ணீரைப் பற்றி மக்களிடம் உள்ள குழப்பம் பெரிது. பின்மூடியில் 30 மீட்டர் என்று பொறித்திருந்தால் முப்பது மீட்டர் ஆழம் வரை நீந்தலாம் என்று பொருளல்ல. புதிய வாட்சை அசையாமல் வைத்து 3 பார் அழுத்தத்தில் சோதித்தார்கள் என்பதே அதன் பொருள். நடைமுறையில் கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், அவ்வளவுதான். 50 மீட்டர் என்றால் அன்றாட வேலைக்குப் போதும். 100 மீட்டர் என்றால் கிணற்றில் குதிக்கலாம். பட்டறையில் தண்ணீரைவிட மோசமானவை இரண்டு உண்டு. ஒன்று, கூலண்ட் என்னும் சோப்பு ஆயில். எண்ணெயைத் தண்ணீரில் கரைய வைக்கும் சோப்புத்தன்மை அதில் இருப்பதால், வெறும் தண்ணீர் நுழையத் தயங்கும் இடுக்கிலும் அது ஊறிச் செல்கிறது. இன்னொன்று, ஏர் கன். சில்லுகளை ஊதிவிட்டு, போகிறபோக்கில் கையிலும் வாட்சிலும் ஒரு ஊது ஊதிக்கொள்ளும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. கம்ப்ரஸரில் ஆறேழு கிலோ அழுத்தம் நிற்கும். முனையை ஒட்டி வைத்து ஊதினால், விளிம்பில் தேங்கியிருக்கும் கூலண்டையும் பொடியையும், பின்மூடியின் இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை நோக்கி நாமே தள்ளுகிறோம். உடம்பின் மேல் ஊதுவதே ஆபத்து என்பதால் அந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். வாட்சைக் குழாயில் காட்டித் துணியால் துடைத்தால் போதும்.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த வாட்சை நான் இழந்தது அதனால்தான். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட ஸ்டீல் குவார்ட்ஸ் வாட்ச் அது, 50 மீட்டர். ஏழு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. நொடிமுள் இரண்டு நொடிக்கு ஒருமுறை தாவத் தொடங்கியது. செல் தீரப் போகிறது என்று பல குவார்ட்ஸ் வாட்சுகள் இப்படித்தான் சொல்லும். அவசரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கத்தி முனையால் மூடியை நெம்பித் திறந்து, செல்லை மாற்றி, கட்டைவிரலால் அமுக்கி மூடி, இரண்டே நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, நண்பகல் வெயிலிலிருந்து பட்டறைக்குள் நுழைந்தபோது கண்ணாடியின் உட்புறம் ஆறு மணிக்கு அருகே கடுகளவு வெண்பனி படர்ந்திருந்தது. மாலைக்குள் மறைந்தது, மறுநாள் மீண்டும் வந்தது. நானே திறந்து பார்த்தபோது, ரப்பர் வளையம் மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஓரிடத்தில் நசுங்கி, நூல் போலத் துண்டாகி நின்றது. தாமிரக் கம்பிச் சுருளின் மேல் பச்சை பூத்திருந்தது. தேதிச் சக்கரத்தின் விளிம்பில் துரு. போட்டிருந்த செல்லும் சில்வர் ஆக்ஸைடு அல்ல. எஸ்ஆர்626 என்னும் சில்வர் ஆக்ஸைடு செல் 1.55 வோல்ட்டைக் கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராகக் கொடுக்கும். அதே அளவில் வரும் எல்ஆர்626 ஆல்கலைன் செல்லில் வோல்ட்டேஜ் படிப்படியாக இறங்கும், தீர்ந்தபின் உள்ளேயே கசியவும் செய்யும். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, முதுகில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

அன்றிலிருந்து, பின்மூடி எப்படித் திறக்கும் என்று பார்க்காமல் நான் வாட்ச் வாங்குவதில்லை. நெம்பித் திறக்கும் மூடியைவிட, மரையில் திருகி மூடும் மூடி நல்லது. நான்கு மூலைகளில் நான்கு சிறு திருகுகள் உள்ள மூடியும் நல்லதே. மூடும்போது வளையம் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, ஒரு துளி சிலிக்கோன் கிரீஸை விரல்நுனியால் தடவிவிட்டு மூடினால், பத்து நிமிட வேலையில் பல ஆண்டு ஆயுள் கிடைக்கிறது. பம்பு செய்யும் ஊர்க்காரர்களுக்கு ஓ-ரிங் என்னும் இந்த ரப்பர் வளையத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடி விஷயத்தில் விளம்பரங்கள் சஃபையர் என்ற சொல்லைச் சொல்லி மயக்குகின்றன. சஃபையர் என்பது படிகமாக்கிய அலுமினியம் ஆக்ஸைடு. கடினத்தன்மையில் மோஸ் அளவுகோலின்படி 9. சாதாரண மினரல் கண்ணாடி 5 முதல் 6 வரை, மணல் 7. தெருவில் நடப்பவரின் சஃபையர் கண்ணாடியில் கீறல் விழாது என்பது சரிதான். ஆனால் நம் பெஞ்ச் கிரைண்டரில் சுழலும் பழுப்பு நிறக் கல்லும் அதே அலுமினியம் ஆக்ஸைடுதான். பச்சைக் கல்லில் இருக்கும் சிலிக்கன் கார்பைடு அதைவிடவும் கடினம். அந்தக் கற்களின் பொடி ஒட்டிய கைத்துணியால் வாட்சைத் துடைப்பவருக்குச் சஃபையரும் காவல் அல்ல. கடினம் கூடக் கூட நொறுங்கும் குணமும் கூடுகிறது. ஸ்பேனர் நழுவி விளிம்பில் அடித்தால், கீறியிருக்க வேண்டிய இடத்தில் அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மினரல் கண்ணாடிக்கு எமன் ஆங்கிள் கிரைண்டரின் பொறி. உருகிய இரும்புத் துகள் கண்ணாடியில் பட்டதும் அங்கேயே பதிந்து, கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். என்னுடைய மூக்குக்கண்ணாடியில் அப்படி மூன்று புள்ளிகள் இருக்கின்றன. மேஸ்திரியின் ஜனதாவில் இருந்தது அக்ரிலிக். எளிதில் கீறும், ஆனால் உடையாது, தீபாவளிக்கு முன்தினம் அவர் பித்தளைக்குப் போடும் பிராஸோவை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்துப் புதிது போலாக்கிவிடுவார். என்னைக் கேட்டால், கண்ணாடி எதனால் ஆனது என்பதைவிட, அது சுற்று விளிம்பைவிட ஒரு மில்லிமீட்டராவது பதிந்திருக்கிறதா என்பதே முக்கியம். வாட்சைக் கவிழ்த்து மேசையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி மேசையைத் தொடவில்லை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வார் என்னும் விஷயத்தில் தோலை நம் ஊர் வியர்வைக்கும் கூலண்டுக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரு கோடைக்குள் நாறும். வெல்டிங் செய்பவருக்கு மட்டும், பொறி பட்டால் உருகாது என்பதால், தோல் பொருத்தம். வண்டி மெக்கானிக்கும் எலக்ட்ரீசியனும் உலோகச் செயினைத் தொடவே கூடாது. கார் பேட்டரியின் பிளஸ் முனையைத் தொடும் ஸ்பேனரிலும் வண்டியின் பாடியிலும் செயின் ஒரே நேரத்தில் பட்டால், 12 வோல்ட்தானே என்று நினைப்பதற்குள் செயின் பழுத்து மணிக்கட்டைச் சுற்றித் தீக்காயம் வளையமாக விழுந்துவிடும். நைலான் துணி வார்களில், வாட்சின் அடியில் முழு நீளமாக ஓடி இரண்டு பின்களுக்குள்ளும் நுழைந்து வரும் ஒரு வகை உண்டு. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் வரையறுத்த அமைப்பு அது. ஒரு பின் தெறித்தாலும் வாட்ச் கையை விட்டுப் போகாது. போர்வீரனுக்கு அது வரம். லேத்காரனுக்கு அதுவே கேடு, ஏனென்றால் நமக்கு வேண்டியது சிக்கினால் அறுந்துபோகும் வார். ஒட்டித் திறக்கும் வெல்க்ரோ வாரைப் பற்றிச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உரிக்கும் திசையில் அது சட்டென்று விடுவது உண்மை. ஆனால் நீளவாக்கில் இழுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கழற்றுவதற்கு எளிது என்பதற்காக அதை வாங்கலாம், சிக்கினால் காப்பாற்றும் என்று நம்பி வாங்கக் கூடாது.

கெட்டியான வாட்ச் என்றதும் எல்லோரும் சொல்வது ஜி-ஷாக். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச் கீழே விழுந்து சிதறியதைக் கண்ட கிகுவோ இபே என்ற கேசியோ பொறியாளர், பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், செல் பத்து ஆண்டு வர வேண்டும் என்று மூன்று பத்துகளை இலக்காக வைத்து உழைத்தார். இருநூறு மாதிரிகள் வரை செய்து, மாடி ஜன்னலிலிருந்து போட்டுப் போட்டு உடைத்தார். பூங்காவில் ஒரு சிறுமி தட்டி விளையாடிய பந்தைப் பார்த்தபோதுதான், பந்தின் நடுவில் மிதப்பது போல எந்திரத்தை உள்ளே நிறுத்தினால் அதிர்ச்சி போய்ச் சேராது என்ற யோசனை வந்தது. 1983-இல் முதல் ஜி-ஷாக் வெளிவந்தது. ஃபிட்டர், இருசக்கர வண்டி மெக்கானிக், கட்டட வேலை செய்பவர் ஆகியோருக்கு அதன் சதுர வடிவ மாடலைவிட நல்லதை நான் கண்டதில்லை. நானும் ஒன்று ஆறு ஆண்டுகள் கட்டியிருந்தேன். வார் மட்டும் ஒருமுறை வெடித்து மாற்றினேன்.

ஆனால் லேத்துக்குப் போகும் பையனுக்கு நான் அதைச் சொல்லவில்லை. எதையும் தாங்கும் வாட்சைக் கட்டியிருப்பவனுக்கு அதைக் கழற்றத் தோன்றாது. அதன் தடித்த வாரும், உடலோடு அது பிணைந்திருக்கும் விதமும், அறுந்துபோகக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டவை. அது சக்கில் சிக்கினால் வாட்ச் பிழைக்கக்கூடும். கை என்ன ஆகும்?

அவனுக்கு நான் சொன்னது, 1989-இலிருந்து அதே உருவத்தில் வந்துகொண்டிருக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ. எடை 21 கிராம். உள்ளங்கையில் வைத்தால் மூன்று ஐந்து ரூபாய் நாணயங்களைப் போலத்தான் தெரியும். தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால் சட்டை நுனியில் இடிக்காது. மாதத்துக்கு அரை நிமிடம் முன்பின்னாகும், செல் ஏழாண்டு வரும், கண்ணாடி பிசினால் ஆனது என்பதால் மேஸ்திரியின் பிராஸோவுக்கே பணியும், பின்மூடியில் நான்கு திருகுகள். வார் மெல்லியது, கொக்கியை எளிதில் கழற்றலாம், ஆணியில் மாட்டிவைத்தால் யாரும் ஆசைப்பட மாட்டார்கள், பத்து மாதத்தில் தொலைந்தாலும் மனம் ஆறும். நீரில் மூழ்கடிக்கக் கூடாது, வெளிச்ச விளக்கு மிகவும் மங்கல், தின்னர் பட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும். இந்தக் குறைகளையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

"கல்யாணத்துக்கு இதைக் கட்டிட்டுப் போனா நல்லாயிருக்குமுங்களா மாமா?" என்று தயங்கினான். கல்யாணத்துக்கு அந்த ஸ்டீல் செயின் வாட்சே இருக்கட்டும் என்றேன். ஒரே வாட்ச் என்ற அவன் நிபந்தனையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வாட்ச் இருந்தால் பட்டறைக்கு வருவதைத் தயக்கமில்லாமல் கழற்றி எறிவான்.

அந்த ஸ்டீல் வாட்சுக்குச் செல் தீர்ந்து இரண்டு மாதமாகிறதாம். அதைக் கடையில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மூடி திறக்கும் சாவி ஒன்றும், சில்வர் ஆக்ஸைடு செல் ஒன்றும், அளவுக்கேற்ற ரப்பர் வளையம் இரண்டும் வாங்கிவைத்தாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும், திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து, அவனையே திறக்கச் சொல்லப் போகிறேன்.